அனுமதியா, உரிமையா? – இங்கிலாந்தின் கிராமப்புறம் மக்களுக்குத் திறந்த கதை

இங்கிலாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் லண்டனைப் பார்த்து முடித்ததும் அடுத்துக் கேட்பது, "கிராமப்பக்கம் எங்கே போகலாம்?" என்பதுதான். அதற்குப் பதிலும் எல்லாரிடமும் தயாராக இருக்கும். ஒரு பழைய பிரபு மாளிகை, ஓர் ஏரி, மலைமேல் கொஞ்சம் நடை, கல்லால் கட்டிய வீடுகள், டீக்கடையில் ஸ்கோனும் ஜாமும். காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். அங்கே எடுத்த படங்களைப் பார்த்தால், அந்தப் பச்சை நிலம் ஆதிகாலம் தொட்டே எல்லாருக்கும் திறந்து கிடந்தது போலத் தோன்றும்.

உண்மை அதுவல்ல. அந்த ஒருநாள் உல்லாசத்துக்குப் பின்னால் இருநூறு வருடச் சண்டை இருக்கிறது. அதற்காகச் சிலர் ஜெயிலுக்கும் போயிருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் நடுவே டெர்பிஷயர் என்றொரு மாவட்டம். அதில் இரண்டு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று சாட்ஸ்வொர்த் மாளிகை. டெவன்ஷயர் டியூக் குடும்பத்தின் வீடு. 2005-ல் வந்த 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' படத்தில் டார்சியின் வீடாக வருமே, அதுதான். இன்னொன்று கிண்டர் ஸ்கௌட் மலை. உயரம் 636 மீட்டர், அந்த வட்டாரத்திலேயே உயரமானது. மாளிகைக்குள் போக டிக்கெட் வாங்க வேண்டும். மலைக்கு டிக்கெட் கிடையாது, யாரையும் கேட்கவும் வேண்டாம், நடந்து ஏறலாம்.

வேடிக்கை என்னவென்றால் 1932-ல் நிலைமை தலைகீழ். மாளிகையைப் பார்க்க அதற்கு முன்பே பல தலைமுறையாக ஜனங்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். மலையில்தான் கால் வைக்கக்கூடாது. கிண்டரிலும் அதே டெவன்ஷயர் டியூக்குக்கு நிலம் இருந்தது! வீட்டைத் திறந்து காட்டியவர்கள் வெறும் புல்லும் சேறுமாகக் கிடந்த மலையை ஏன் பூட்டி வைத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் முழுக்கதையும் வந்துவிடும்.

வேலி போட்ட காலம்

நம்மூரில் மேய்ச்சல் புறம்போக்கு என்று ஒன்று உண்டல்லவா? ஊரில் நிலமில்லாதவனும் தன் ஆட்டை அங்கே ஓட்டிக்கொண்டு போகலாம், சுள்ளி பொறுக்கலாம். இங்கிலாந்து கிராமங்களிலும் 'காமன்' என்ற பெயரில் அப்படிப்பட்ட நிலம் இருந்தது. காகிதத்தில் அது ஒரு பிரபுவின் பெயரில் இருக்கலாம். ஆனால் மாடு மேய்க்கவும் விறகு, புல்கரி எடுக்கவும் ஊர்மக்களுக்கு வழக்கப்படி உரிமை இருந்தது.

இந்த நிலங்களை வளைத்து, வேலியோ கல்சுவரோ எழுப்பி, தனிச்சொத்தாக மாற்றியதைத்தான் வரலாற்றில் 'என்க்ளோஷர்' என்கிறார்கள். வேலியடைப்பு என்று வைத்துக்கொள்வோம். யாரோ ராத்திரியோடு ராத்திரியாகச் செய்த வேலை இல்லை இது. நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டே செய்தார்கள். 1604-லிருந்து 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள், 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம்! அந்தச் சட்டங்களை நிறைவேற்றிய நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் நிலக்கிழார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேலியடைப்பால் விளைச்சல் கூடியது என்று வாதிடும் வரலாற்று ஆசிரியர்கள் உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் நிலமில்லாத குடும்பங்கள் கூலிக்குப் போக வேண்டி வந்தது, பலர் நகரத்து ஆலைகளை நோக்கி நடந்தார்கள் என்பதும் உண்மை. இன்று இங்கிலாந்துப் படங்களில் வயல்களைப் பிரித்துக்கொண்டு ஓடும் கல்சுவர்களையும் புதர்வேலிகளையும் பார்த்து "என்ன அழகு!" என்கிறோம். அவற்றில் கணிசமானவை இந்தக் காலத்தில் எழுந்தவைதான்.

முதல் டூரிஸ்டுகள்

அதே 18-ஆம் நூற்றாண்டில்தான் பணக்காரர்களுக்கு "இயற்கையைப் பார்க்கப் போவது" என்ற பழக்கமும் வந்தது. அதற்கு முன் மலை என்றால் பயம், இல்லாவிட்டால் அலுப்பு. வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் ஓவியம் போலத் தெரியும் காட்சிகளைத் தேடிப் பயணம் செய்து புத்தகங்கள் எழுதினார். தாமஸ் வெஸ்ட் என்பவர் 1778-ல் ஏரி மாவட்டத்துக்கு ஒரு வழிகாட்டி நூல் போட்டார். எந்த இடத்தில் நின்று பார்த்தால் ஏரி அழகாகத் தெரியும் என்பது வரை அதில் குறித்திருந்தார். பிரான்சோடு யுத்தம் வந்து ஐரோப்பாவுக்குப் போகும் வழி அடைபட்டதும், வசதி படைத்தவர்கள் சொந்த நாட்டு மலைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

மாளிகை பார்க்கும் வழக்கமும் அப்போதே இருந்தது. மரியாதையாக உடுத்திக்கொண்டு கதவைத் தட்டினால், வீட்டு நிர்வாகம் பார்க்கும் அம்மாள் உள்ளே அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுவார். அவர் கையில் ஏதாவது காசு கொடுக்க வேண்டும். ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' (1813) படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எலிசபெத் பெம்பர்லி மாளிகையைப் பார்க்கப் போவது இப்படித்தான். பெரிய வீடு வைத்திருப்பதே நாலு பேர் பார்த்து வியக்கத்தானே!

இந்த வழக்கத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வருகிறவர் விருந்தாளி. வீட்டுக்காரர் இஷ்டப்பட்டால் கதவு திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. அனுமதி உண்டு, உரிமை இல்லை.

ரயில் வந்தது, கூட்டமும் வந்தது

1830-ல் லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில் ஓடத் தொடங்கியது. 1841 ஜூலை 5-ஆம் தேதி தாமஸ் குக் என்ற தச்சுத் தொழிலாளி சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு ரயிலில் கூட்டிப் போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். என்ன விசேஷம்? மதுவிலக்குக் கூட்டம்! சாராயத்தை விட்டால் இப்படியும் சந்தோஷமாக இருக்கலாம் என்று காட்டத்தான் அந்தப் பயணம். அந்தத் தாமஸ் குக் பெயரில் வளர்ந்த கம்பெனி உலகம் பூராவும் டூர் நடத்தி, கடைசியில் 2019 செப்டம்பரில் திவாலானது.

1849-ல் சாட்ஸ்வொர்த் பக்கத்தில் இருக்கும் ரௌஸ்லி வரை ரயில் வந்தது. அந்தக் கோடையில் மட்டும் 80,000 பேர் மாளிகையைப் பார்க்க வந்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அப்போதிருந்த ஆறாவது டியூக் முகம் சுளிக்கவில்லை. ஏழையோ பணக்காரரோ, யார் வந்தாலும் தோட்டத்து நீரூற்றுகளைத் திறந்துவிட்டுக் காட்ட வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. அவருடைய தலைமைத் தோட்டக்காரர்தான் ஜோசப் பாக்ஸ்டன், பிற்பாடு 1851-ல் லண்டன் கண்காட்சிக்காக 'கிரிஸ்டல் பேலஸ்' கண்ணாடி மாளிகையை வடிவமைத்தவர்.

எல்லாரும் இந்த டியூக் மாதிரி இல்லை. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி மாவட்டத்துக்கு வழிகாட்டி நூல் எழுதி அந்த இடத்தைப் பிரபலமாக்கியவரே அவர்தான். ஆனால் 1844-ல் அங்கே ரயில் பாதை போடப் போகிறார்கள் என்றதும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார். இயற்கையை ரசிக்க மனம் பக்குவப்பட வேண்டும், ஆலைத் தொழிலாளிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கும் பயனில்லை, இடமும் கெடும் என்பது அவர் வாதம். 1847-ல் விண்டர்மியர் வரை ரயில் வந்தேவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது.

வேர்ட்ஸ்வொர்த்தைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர் கேட்டதை இன்று ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நாமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். கூட்டம் வந்தால் அழகு மிஞ்சுமா என்று. சிக்கல் என்னவென்றால், "கூட்டம்" என்று சொல்லும்போது யாரும் தன்னை அதில் சேர்த்துக்கொள்வதில்லை.

மலை மட்டும் ஏன் பூட்டு?

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் இருக்கிறது பீக் மாவட்டம். ஒரு பக்கம் பஞ்சாலை நகரம், மறுபக்கம் இரும்பு, எஃகு நகரம். இரண்டிலும் புகை. வாரத்தில் ஆறு நாள் வேலை. சனிக்கிழமை அரைநாள் லீவு கிடைத்ததே பெரிய போராட்டத்துக்கு அப்புறம்தான். மிச்சம் இருப்பது ஞாயிறு. வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தூரத்தில் மலை தெரியும், ரயில் கட்டணமும் அதிகமில்லை. ஆக, ஆயிரக்கணக்கான தொழிலாளிகளும் குமாஸ்தாக்களும் ஞாயிறுதோறும் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

மலையடிவாரத்தில் காவலாளி நிற்பார். காரணம் ஒரு பறவை! கிரவுஸ் என்று பெயர், காட்டுக்கோழி மாதிரி இருக்கும். ஹெதர் என்கிற புதர்ச்செடி மண்டிய மேட்டுநிலத்தில் வாழும். அந்த மேட்டுநிலத்தை 'மூர்' என்பார்கள். ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை கிரவுஸ் சுடும் பருவம். பிரபுக்களும் ஆலை முதலாளிகளும் துப்பாக்கியோடு வருவார்கள். சில நாள் வேட்டைக்காக வருடம் முழுவதும் மலையில் மனித நடமாட்டமே இருக்கக்கூடாது, குஞ்சுகள் பயந்துவிடும் என்றார்கள். நீர்த்தேக்கங்களுக்குப் போகும் தண்ணீர் அசுத்தமாகிவிடும் என்பது இன்னொரு காரணம்.

மாளிகைக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம் இப்போது புரிகிறதா? மாளிகையைப் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் பிரபுவின் கௌரவம் கூடுமே தவிர குறையாது. மலையில் பத்துப் பேர் நடந்தால் அவருடைய வேட்டை கெடும். ஒன்றைத் திறந்ததும் மற்றதைப் பூட்டியதும் ஒரே கணக்கில்தான். இரண்டிலுமே சாவி அவர் கையில்.

"அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்" என்ற பலகைகள் எங்கும் நின்றன. இதிலும் ஒரு தமாஷ் உண்டு. அடுத்தவர் நிலத்தில் வெறுமனே நடப்பது இங்கிலாந்துச் சட்டப்படி குற்றமே அல்ல, சிவில் விவகாரம். நிலக்காரர் கோர்ட்டுக்குப் போய் நஷ்டஈடோ தடையுத்தரவோ கேட்கலாம், அவ்வளவுதான். அதனால் அந்தப் பலகைகளை 'மரத்தாலான பொய்' என்று வக்கீல்கள் கிண்டல் செய்வார்கள்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. 1884-ல் ஜேம்ஸ் பிரைஸ் என்ற உறுப்பினர், ஸ்காட்லாந்து மலைகளில் நடக்க மக்களுக்கு உரிமை கேட்டு நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். தோற்றது. 1894-ல் பீக் வட்டாரத்தின் நடைபாதைகளைக் காக்க ஒரு சங்கம் பிறந்தது. பல வருடப் பேச்சுவார்த்தைக்குப் பின் 1897-ல் கிண்டரின் ஓரமாக ஒரு பாதையைத் திறக்க வைத்தது. 1896 செப்டம்பரில் போல்டன் நகருக்குப் பக்கத்தில் வின்டர் ஹில் மலைப்பாதையை ஒரு ஆலை முதலாளி அடைத்தபோது, சுமார் பத்தாயிரம் பேர் திரண்டு கேட்டைத் தாண்டிப் போனார்கள். முன்நின்றவர்கள்மேல் வழக்குப் போட்டார், ஜெயித்தார். அந்தப் பாதை அதிகாரபூர்வப் பொதுவழியானது நூறு வருடம் கழித்து, 1996-ல்!

1932 ஏப்ரல் 24

இப்போது கிண்டருக்கு வருவோம். உலகப் பொருளாதார வீழ்ச்சிக் காலம். பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை முப்பது லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் காசில்லாத இளைஞர்களுக்கு மலைநடை ஒன்றுதான் மலிவான பொழுதுபோக்கு. அவர்களில் ஒருவர் பென்னி ரோத்மன். மான்செஸ்டர்க்காரர், யூதக் குடும்பம், கம்யூனிஸ்ட், வயது 20. பிரிட்டிஷ் தொழிலாளர் விளையாட்டுக் கூட்டமைப்பு என்ற இடதுசாரி அமைப்பில் இருந்தார். அவர்களுடைய முகாமிலிருந்து கிளம்பிய ஒரு குழுவை வேட்டைக் காவலாளிகள் மலையிலிருந்து விரட்டிவிட்டார்கள். பத்துப் பேர் போனால் விரட்டலாம், நூற்றுக்கணக்கில் போனால்? ரகசியமாக இல்லை, பத்திரிகைக்கே சொல்லிவிட்டுத்தான் நாள் குறித்தார்கள்.

ரயில் நிலையத்தில் தன்னை மடக்கி நோட்டீஸ் கொடுக்கப் போகிறார்கள் என்று ரோத்மனுக்குத் தகவல் வந்தது. ரயிலை விட்டுவிட்டு சைக்கிளிலேயே ஹேஃபீல்ட் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். ஊருக்கு வெளியே பௌடன் பிரிட்ஜ் கல்குவாரியில் கூட்டம் சேர்ந்தது. சுமார் 400 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை, போலீஸ் கணக்கு அதைவிடக் குறைவு. ஒரு பாறைமேல் ஏறி ரோத்மன் பேசினார். பிறகு பாட்டுப் பாடிக்கொண்டே மலையேறினார்கள்.

பாதி வழியில் காவலாளிகள் தடியோடு வந்தார்கள். கைகலப்பு. ஒரு காவலாளி கீழே விழுந்து காலில் அடிபட்டார். மற்றபடி பெரிய கலவரம் ஒன்றுமில்லை. மேலே போய், ஷெஃபீல்ட் பக்கமிருந்து வந்த இன்னொரு குழுவைச் சந்தித்து, கைகுலுக்கிவிட்டு இறங்கினார்கள். அவ்வளவுதான்! மலையின் உச்சி வரைகூட அவர்கள் போகவில்லை.

கீழே போலீஸ் காத்திருந்தது. மொத்தம் ஆறு பேர் கைது. ஜூலையில் டெர்பி நீதிமன்றத்தில் விசாரணை. அத்துமீறி நடந்தது குற்றமாகாது என்பதால் கலவரம், தாக்குதல் என்று குற்றச்சாட்டு. ஜூரியில் ராணுவ அதிகாரிகளும் நிலக்கிழார்களும்தான் அதிகம். ஐந்து பேருக்கு இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை. ரோத்மனுக்கு நான்கு மாதம்.

அதுவரை "இந்தப் பையன்கள் காரியத்தைக் கெடுக்கிறார்கள்" என்று எண்ணியிருந்தவர்களுக்கும் இந்தத் தண்டனை அதிகமாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை மலையில் நடந்ததற்கு ஆறு மாதமா? சில வாரம் முன்பு, ஜூன் மாதம் வின்னட்ஸ் கணவாயில் நடந்த வருடாந்திரக் கூட்டத்துக்குப் பத்தாயிரம் பேர் வந்திருந்தார்கள். அந்த நடையில் கலந்துகொண்டு, பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பும் வேலையைப் பார்த்த இளைஞர் ஒருவர் அதைப் பற்றி 'மான்செஸ்டர் ராம்ப்ளர்' என்ற பாட்டையும் எழுதினார். யுவன் மக்கோல் என்ற பெயரில் பிற்காலத்தில் புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகர் அவர்தான்.

சண்டையால் கிடைத்ததா, பேச்சால் கிடைத்ததா?

இங்கே வரலாற்றில் ஒரு பட்டிமன்றம் உண்டு. 1932-தான் எல்லாக் கதவையும் திறந்தது என்று ஒரு கட்சி. அதெல்லாம் பிற்பாடு ஊதிய கதை, உண்மையில் அது காரியத்தைப் பின்னுக்கு இழுத்தது என்று எதிர்க்கட்சி. இரண்டாவது கட்சியிலும் நியாயம் இருக்கிறது. நடையர் சங்கங்கள் பல வருடமாக நிலக்காரர்களோடும் நாடாளுமன்றத்தோடும் பேசி வந்தன. ரோத்மன் குழுவின் செயலை அவை ஆதரிக்கவில்லை. 1939-ல் 'மலைகளுக்கான அனுமதிச் சட்டம்' வந்தபோது, நிலக்காரர்கள் அதைத் திருத்தித் திருத்தி, சில சந்தர்ப்பங்களில் அத்துமீறலைக் குற்றமாகவே மாற்றிவிட்டார்கள். கேட்டது திறப்பு, கிடைத்தது இன்னொரு பூட்டு! நல்லவேளை, யுத்தம் வந்து அந்தச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை.

பூட்டை உடைத்தது யுத்தத்துக்குப் பிந்திய அரசியல். 1945-ல் ஜான் டௌவர் தேசியப் பூங்காக்கள் பற்றி அறிக்கை கொடுத்தார். அதே வருடம் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. நாட்டுக்காகச் சண்டை போட்டவனுக்கு அந்த நாட்டு மலையில் நடக்க உரிமை இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. 1949-ல் 'தேசியப் பூங்காக்கள் மற்றும் கிராமப்புற அணுகல் சட்டம்' நிறைவேறியது. 1951 ஏப்ரலில் முதல் தேசியப் பூங்கா அறிவிப்பானது. எது தெரியுமா? கிண்டர் மலை இருக்கும் அதே பீக் மாவட்டம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சட்டத்தை எழுதியது பேச்சுவார்த்தை நடத்தியவர்கள்தான். ஆனால் ஐம்பது வருடம் பேசியும் கிண்டரின் ஓரத்தில் ஒரு பாதைதான் கிடைத்தது. விஷயம் முதல் பக்கத்துக்கு வந்தது ஐந்து பேர் ஜெயிலுக்குப் போன பிறகு. இரண்டும் இல்லாமல் மூன்றாவது நடந்திருக்காது.

தேசியப் பூங்கா என்றதும் நமக்குக் கிண்டியும் முதுமலையும் ஞாபகம் வரும். அங்கே அர்த்தமே வேறு. நிலம் பெரும்பாலும் தனியார் கையில்தான். உள்ளே ஊர்கள், பண்ணைகள், ஆட்டுமந்தைகள், கல்குவாரிகள்கூட உண்டு. கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துவார்கள், பாதைகளைப் பராமரிப்பார்கள். நுழைவுச்சீட்டு கிடையாது. 1949 சட்டத்தின்படி ஒவ்வொரு ஊரின் பொதுப்பாதைகளையும் வரைபடத்தில் ஏற்ற வேண்டியதாயிற்று. இன்று இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 1,40,000 மைல் பொதுவழிகள். யார் வயலின் நடுவே போனாலும் அந்தப் பாதையில் நடக்க உங்களுக்கும் எனக்கும் உரிமை உண்டு.

மாளிகைகளுக்கு என்ன ஆயிற்று?

மலை திறந்துகொண்டிருந்த அதே காலத்தில் மாளிகைகள் தள்ளாடின. காரணம் வாரிசு வரி. பத்தாவது டெவன்ஷயர் டியூக் வரியைத் தவிர்க்கச் சொத்தை மகன் பெயருக்கு மாற்றியிருந்தார். அதற்குப் பிறகு ஐந்து வருடம் உயிரோடு இருந்தால் வரி இல்லை. 1950 நவம்பரில், கெடு முடிய 14 வாரம் இருக்கும்போது இறந்துபோனார்! வரி 80 சதவீதம். ஹார்ட்விக் ஹால் என்ற பழம்பெரும் மாளிகையையே வரிக்குப் பதில் கொடுக்க வேண்டி வந்து, 1959-ல் அது நேஷனல் டிரஸ்ட் கைக்குப் போனது.

லாங்லீட் பிரபு 1949-ல் டிக்கெட் போட்டு வீட்டைத் திறந்தார். போதவில்லை, 1966-ல் தோட்டத்தில் சிங்கங்களைக் கொண்டுவந்து விட்டார். காருக்குள் இருந்தபடி சிங்கம் பார்க்கும் அந்த சஃபாரி இன்றும் பிரபலம். 1895-ல் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர், ரான்ஸ்லி பாதிரியார் மூவரும் ஆரம்பித்த நேஷனல் டிரஸ்ட், முதலில் திறந்தவெளி நிலத்தைக் காக்கப் பிறந்தது. பிறகு மாளிகைகளும் வந்து சேர்ந்தன. அதன் முதல் கட்டடம், ஆல்ஃபிரிஸ்டனில் ஒரு கூரைவீடு, 1896-ல் வாங்கிய விலை 10 பவுன்.

இந்த வீடுகள் எந்தப் பணத்தில் எழுந்தன என்ற கேள்வி நம்மையும் தொடும். பெர்க்ஷயரில் உள்ள பேசில்டன் பார்க், கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்து வங்காளத்தில் பணம் சேர்த்த பிரான்சிஸ் சைக்ஸ் கட்டியது. காலனியாட்சியோடும் அடிமை வணிகத்தோடும் தொடர்புள்ள தன் இடங்கள் 93 என்று 2020-ல் நேஷனல் டிரஸ்டே அறிக்கை வெளியிட்டது. அங்கே அதற்குப் பெரிய எதிர்ப்பும் கிளம்பியது. டிக்கெட் வாங்கி உள்ளே போகிற நாம் சுவரில் மாட்டியிருப்பதை மட்டும் பார்க்காமல் அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மன்னிப்பு

1982-ல் கிண்டர் மலையை நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. 2000-ல் வந்த சட்டம் மலை, மூர், புதர்க்காடு, பொது நிலம் எனக் குறிக்கப்பட்ட பகுதிகளில், பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையைக் கொடுத்தது. 2004 செப்டம்பர் 19-ல் பீக் வட்டாரத்தில் நடைமுறைக்கு வந்தது, 2005-க்குள் இங்கிலாந்து முழுவதும்.

இதற்கு நடுவே, 2002 ஏப்ரலில், அந்த நடையின் 70-ஆம் ஆண்டு விழா ஹேஃபீல்டில் நடந்தது. பதினோராவது டெவன்ஷயர் டியூக் அங்கே வந்து, தன் தாத்தா காலத்தில் நடந்தது தவறு என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டிய பென்னி ரோத்மன் அங்கே இல்லை. அந்த ஜனவரியில்தான் காலமானார்.

கதை முடிந்ததா?

இல்லை. 2000 சட்டம் திறந்தது இங்கிலாந்தின் 8 சதவீத நிலத்தை மட்டும். பக்கத்தில் ஸ்காட்லாந்தில், 2003 சட்டத்தின்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் கிட்டத்தட்ட எல்லா நிலத்திலும் நீர்நிலையிலும் உரிமை உண்டு. இங்கிலாந்தில் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் மட்டும் அனுமதி கேட்காமல் கூடாரம் போட்டு இரவு தங்கும் பழக்கம் இருந்தது. 2023 ஜனவரியில் அது உரிமை இல்லை என்றது உயர்நீதிமன்றம். அதே ஜூலையில் மேல்முறையீட்டில் மாறியது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் உரிமை உண்டு என்று முடித்து வைத்தது. தொண்ணூறு வருடம் கழித்தும் அதே கேள்வி!

வேர்ட்ஸ்வொர்த்தின் கவலைக்கும் பதில் சொல்ல வேண்டுமே. கிண்டரின் மேற்பரப்பு புல்கரி மண். ஆலைப் புகையின் அமிலம், தீ, அளவுக்கு மீறிய ஆட்டு மேய்ச்சல் எல்லாம் சேர்ந்து அது அரித்துப்போனது. ஆயிரமாயிரம் பூட்ஸ்களும் தங்கள் பங்குக்குச் சேறாக்கின. ஆனால் மறுபடி பூட்டவில்லை. பாசி நட்டு, ஓடைகளை அடைத்து, ஈரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எடேல் கிராமத்தில் தொடங்கும் 268 மைல் 'பெனைன் வே' நடைபாதையின் சேற்றுப் பகுதிகளில் கற்பலகைகள் பாவினார்கள். அவற்றில் பல, மூடிப்போன பஞ்சாலைகளின் தரைக்கற்கள். வாரம் ஆறு நாள் நின்று வேலை பார்த்த அதே கல் இன்று மலைமேல்.

நீங்கள் அங்கே போக நேர்ந்தால் மான்செஸ்டர் – ஷெஃபீல்ட் ரயிலில் எடேலில் இறங்கி ஏறலாம். காற்று பலமாக அடிக்கும் நாளில் கிண்டர் டௌன்ஃபால் அருவியின் தண்ணீர் கீழே விழாமல் மேல்நோக்கிப் பறக்கும். மழைக்கோட்டு அவசியம். திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள், வசந்தகாலத்தில் பறவைகள் கூடு கட்டும் இடத்தை மிதிக்காதீர்கள். மறுபக்கம் ஹேஃபீல்டில் இறங்கினால் பௌடன் பிரிட்ஜ் குவாரிப் பாறையில் 1932-க்கு ஒரு நினைவுத் தகடு இருக்கிறது. மறுநாள் சாட்ஸ்வொர்த்துக்கும் போங்கள், பார்க்க வேண்டிய இடம்தான். டிக்கெட்டைக் கையில் வாங்கும்போது ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே நீங்கள் விருந்தாளி. நேற்று மலைமேல் நடந்தபோது அப்படி இல்லை.